வாசகர் கேள்வி பதில்: பக்கத்து அறைக் கணினி ஏன் திறக்க மறுக்கிறது?

வீட்டுக்குள் இரண்டு மூன்று கணினிகளை இணைத்துக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். பதிலுக்குப் போவதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், ‘எவ்ரிஒன்’ என்று எல்லாருக்கும் முழு அனுமதி கொடுத்துப் பார்த்தேன், பாஸ்வேர்டே கேட்காதபடி வைத்துப் பார்த்தேன் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அதையெல்லாம் முதலில் பழையபடி மாற்றிவிடுங்கள். கோளாறு எங்கே என்று தெரியாமல் பாதுகாப்பைக் கழற்றிக்கொண்டே போனால், கடைசியில் இணைப்பு கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்று தெரியாது, கழற்றிய எதையும் திருப்பி மாட்டவும் மாட்டோம். திரையில் வரும் பிழைச் செய்தியை முழுதாகப் படித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பதில் அதிலேயே இருக்கும்.

ஹாலில் மேசைக்கணினி, உள்ளறையில் மகளின் லேப்டாப். இரண்டிலும் விண்டோஸ் 11, இரண்டிலும் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் லேப்டாப்பில் ‘நெட்வொர்க்’ என்பதைத் திறந்தால் மேசைக்கணினியின் பெயர் இல்லை. சில நாள் தானாக வருகிறது, மறுநாள் காணோம். என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பட்டியலில் பெயர் தெரியாதது ஒரு பிரச்சினை, இணைப்பே கிடைக்காதது வேறு பிரச்சினை. உங்களுடையது எது என்று முதலில் பார்த்துவிடலாம். மேசைக்கணினியில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதியில் உங்கள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், ஐபிவி4 முகவரி என்று 192.168.1.7 மாதிரி ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு லேப்டாப்புக்கு வாருங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் \\192.168.1.7 என்று, பின்சாய்வுக் கோடு இரண்டு போட்டு, உங்கள் எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள்.

கோப்புறைகள் திறந்தாலோ, பெயரும் பாஸ்வேர்டும் கேட்டாலோ உங்கள் இணைப்பில் குறையே இல்லை. பெயரை அறிவிக்கும் வேலை மட்டும்தான் நின்றிருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்த ஏற்பாடு எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையை, அதாவது கோப்புப் பகிர்வுக்காகக் கணினிகள் பேசிக்கொள்ளும் பழைய மொழியை, நம்பி இருந்தது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி 1 பொதுவாக இருப்பதில்லை, அதோடு அந்தப் பட்டியல் ஏற்பாடும் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு கணினியும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தானே சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் சேவையின் பெயர் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன். மேசைக்கணினியில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து இது ஓடுகிறதா என்று பாருங்கள், தொடக்க வகையை ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். சில நாள் வருவதும் சில நாள் வராததும் பெரும்பாலும் இதனால்தான். அதற்கு அப்புறமும் பட்டியல் சரியாக வராவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நேரடி முகவரியில் திறந்து, வேண்டிய கோப்புறையை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பட்டியலின் பக்கமே போக வேண்டியிருக்காது.

எண்ணைத் தட்டியும் திறக்கவில்லை, 80070035 என்று முடியும் பிழை எண்தான் வருகிறது என்றால், லேப்டாப்பால் மேசைக்கணினியை எட்டவே முடியவில்லை என்று பொருள். அப்போது இரண்டு கணினியிலும் வைஃபை இணைப்பின் வகை என்னவென்று பாருங்கள். புது இணைப்பை விண்டோஸ் 11 ‘பப்ளிக்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். ரயில் நிலையத்து வைஃபைக்கு அதுதான் சரி, வீட்டுக்கு ‘பிரைவேட்’ வேண்டும். ரூட்டரையோ வைஃபை பெயரையோ மாற்றிய மறுநாள் பகிர்வு நின்றுபோனதாக எழுதியிருக்கும் மற்றவர்களும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் விண்டோஸுக்கு அது புது இடம், மறுபடி பப்ளிக் என்று வைத்துக்கொண்டுவிடும். பிரைவேட் ஆக்கிய பிறகு, அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் பக்கத்தில் நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கும் இயங்குகின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்று, மகளின் லேப்டாப் ரூட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கிறதா? விருந்தாளிகளுக்கான அந்த இணைப்பு இணையத்தை மட்டும் கொடுத்து, வீட்டிலுள்ள மற்ற கருவிகளைக் காட்டாமல் மறைப்பதற்காகவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குள்ளும் தனி ஃபயர்வால் இருக்கலாம். விண்டோஸ் பிரைவேட் என்று சொன்னாலும் அது தன் கணக்கில் பப்ளிக் என்று வைத்திருக்கும். அங்கேயும் வீட்டு வலையை நம்பத்தக்கது என்று குறித்தால் போதும், அதை நீக்க வேண்டியதில்லை.

அப்பாவின் கணினியைத் திறக்கப் போனால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. தினமும் கணினியைத் திறக்கும் அதே 4 இலக்க எண்ணைத்தான் கொடுக்கிறேன். தவறு என்கிறது. அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து அதே எண்ணைப் போட்டால் திறக்கிறது!
– கல்லூரி மாணவர், மதுரை

நீங்கள் கொடுப்பது ‘பின்’ (PIN) எண், அது கேட்பது பாஸ்வேர்ட். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் சொந்தம், அதன் முன்னால் உட்கார்ந்து திறக்கத்தான் உதவும். வலை வழியாக வருகிறவருக்கு அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். அப்பா மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவர் என்றால், பெயர் என்ற இடத்தில் அவருடைய முழு மின்னஞ்சல் முகவரியும், கீழே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும். பின் எண்ணிலும் விரல்ரேகையிலும் பழகிப்போன வீடுகளில் அந்தப் பாஸ்வேர்ட் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பாஸ்வேர்டே இல்லாத கணக்காக மாற்றியிருந்தால் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை.

பாஸ்வேர்டே வைக்காத சாதாரணக் கணக்கு என்றாலும் இதே கதைதான். வெற்றுப் பாஸ்வேர்ட் உள்ள கணக்கை வலை வழியாக உள்ளே விடக் கூடாது என்பது விண்டோஸின் இயல்பான விதி. ‘எங்கள் வீட்டில் பாஸ்வேர்டே கிடையாது, அப்புறம் ஏன் கேட்கிறது’ என்று வேலூரிலிருந்து எழுதிய வாசகருக்கும் இதுதான் பதில்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் வழி ஒன்று உண்டு. பகிர்வுக்கென்றே தனியாக ஒரு கணக்கு. அப்பாவின் கணினியில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் புதுக் கணக்கு சேருங்கள். மின்னஞ்சல் கேட்கும், இந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே சேர்க்கும் வழி இருக்கும். ‘வீடு’ மாதிரி ஒரு பெயர் (ஆங்கில எழுத்திலேயே வையுங்கள், தமிழில் வைத்தால் ரூட்டரும் டிவியும் சில நேரம் தடுமாறும்), கூடவே நல்ல நீளமான பாஸ்வேர்ட். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுக்க வேண்டாம். பிறகு பகிர வேண்டிய கோப்புறையில் இந்தக் கணக்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வீட்டில் எல்லாக் கருவியிலும் இதே பெயர், இதே பாஸ்வேர்ட். அப்பாவின் மின்னஞ்சல் பாஸ்வேர்டை ஆளாளுக்குத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இதோடு போய்விடும், இந்த முறையை நான் வலியுறுத்துவதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

புதுக் கணக்கைக் கொடுத்த பிறகும் தவறு என்றே வந்தால், உங்கள் கணினியின் கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் அப்பாவின் கணினி பெயரிலோ எண்ணிலோ பழைய பதிவு இருக்கிறதா என்று பார்த்து அழித்துவிடுங்கள். முன்பு சேமித்த தப்பான விவரத்தையே கணினி திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரே கணினியோடு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் இணையவும் விண்டோஸ் விடாது. அழித்துவிட்டு ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு முயலுங்கள்.

ரூட்டரின் பின்பக்கம் ஹார்ட்டிஸ்க் மாட்டி, கல்யாண ஆல்பம் வேலைகளையெல்லாம் அதில் வைத்திருக்கிறேன். பழைய விண்டோஸ் 10 ஹோம் லேப்டாப்பில் இன்றும் திறக்கிறது. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 புரோ கணினியில், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் நுழைவைத் தடுக்கிறது என்று ஆங்கிலத்தில் செய்தி வருகிறது. என் வீட்டுக் கணினிக்கு எந்த நிறுவனம்? சரிபார்க்க வந்தவர் எஸ்எம்பி 1-ஐப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்.
– புகைப்படக் கலைஞர், ஈரோடு

தயவுசெய்து போடாதீர்கள். உங்களுக்கு வரும் செய்திக்கும் எஸ்எம்பி 1-க்கும் சம்பந்தமே இல்லை.

நிறுவனம் என்ற சொல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அலுவலகக் கணினிகளுக்காக எழுதிய வாசகத்தை விண்டோஸ் வீட்டிலும் அப்படியே காட்டுகிறது. நடப்பது இதுதான்: உங்கள் ரூட்டர் பெயர், பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் வருகிறவர் எல்லாரையும் ‘விருந்தினர்’ என்று உள்ளே விடுகிறது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, புரோ கணினிகள் அப்படிப்பட்ட இடத்துக்குள் தாமாகப் போக மறுக்கின்றன. அதோடு, இரு பக்கமும் பரிமாறும் ஒவ்வொரு செய்தியிலும், வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் கையொப்பம் இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. விருந்தினருக்குப் பாஸ்வேர்ட் கிடையாது, ஆகவே கையொப்பமும் கிடையாது. இடையில் யாராவது ரூட்டரைப் போல நடித்துக் கோப்பை மாற்றிக் கொடுத்தாலும் விருந்தினர் இணைப்பில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை, தடைக்குக் காரணம் அதுதான்.

சரி, தீர்வு உங்கள் ரூட்டரில் இருக்கிறது. அதன் நிர்வாகப் பக்கத்தில் யுஎஸ்பி அல்லது ஸ்டோரேஜ் ஷேரிங் என்ற பகுதியில் பாஸ்வேர்டோடு பயனர் கணக்கு வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விருந்தினர் நுழைவை அணைத்து, ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். புதுக் கணினியில் அதைக் கொடுத்தால் பெரும்பாலான ரூட்டர்களில் திறந்துவிடும். ரூட்டரின் ஃபர்ம்வேரையும் (அதை இயக்கும் உள் மென்பொருள்) அப்படியே புதுப்பித்துவிடுங்கள்.

கணக்கு வைத்த பிறகு, இந்த இடம் எஸ்எம்பி 1 கேட்கிறது, அது பாதுகாப்பற்றது என்று வேறு செய்தி வந்தால் நிலைமை வேறு. அந்த ரூட்டருக்குப் பழைய மொழி மட்டும்தான் தெரியும். அதற்காகக் கணினியைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். 2017 மே மாதம் வானாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீம்பொருள் உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பி 1-ஐ விண்டோஸ் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தும், போடாமல் விட்ட கணினிகள் மாட்டிக்கொண்டன. அந்த ஓட்டை அடைபட்டாலும் எஸ்எம்பி 1-ன் அமைப்பே பழையது, இன்றைய பாதுகாப்பு எதுவும் அதில் கிடையாது. வாடிக்கையாளர்களின் கல்யாணப் படங்கள் இருக்கும் வட்டு உங்களுடையது. அந்த வட்டைக் கழற்றி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் மாட்டி அதிலிருந்து பகிருங்கள், அல்லது தொழிலுக்கென்று ஒரு சிறிய நாஸ் பெட்டி (வலையில் நேரடியாக இணையும் சேமிப்புப் பெட்டி) வாங்குங்கள். எப்படியிருந்தாலும் இன்னொரு நகல் வலையில் சேராத தனி ஹார்ட்டிஸ்க்கில் இருக்கட்டும்.

‘வீட்டில் விண்டோஸ் 7 கணினி இருக்கிறது, அதற்காகவாவது எஸ்எம்பி 1 வேண்டாமா’ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். விண்டோஸ் 7-க்கே எஸ்எம்பி 2 தெரியும். எக்ஸ்பிக்குத்தான் தெரியாது.

கீழ் வீட்டில் ஃபைபர் மோடம், மாடியில் சிக்னல் வராததால் கேபிள் இழுத்து இன்னொரு வைஃபை ரூட்டர் வைத்தோம். இரண்டிலும் இணையம் வருகிறது. மாடிக் கணினியிலிருந்து கீழே உள்ள பிரிண்டரும் தெரியவில்லை, கோப்புகளும் தெரியவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

மாடிக் கணினியின் ஐபிவி4 எண்ணையும் கீழ்க் கணினியின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் இன்னொன்று 192.168.0 என்றும் தொடங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. மாடி ரூட்டர் தனக்கென்று ஒரு தனி வலையை உருவாக்கி, கீழ் வலையை வெளியுலகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளை அதன் ‘வான்’ (WAN, வெளி இணைப்புக்கானது) துளையில் மாட்டினால் அப்படித்தான் நடக்கும். (ஒரு விசித்திரம்: மேலிருந்து கீழே எண்ணைத் தட்டிப் போனால் சில நேரம் திறக்கும், கீழிருந்து மேலே போகவே முடியாது.)

மாடி ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி வலை உருவாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) என்று இருந்தால் அதற்கு மாற்றி மறுதொடக்கம் செய்யுங்கள், வேலை முடிந்தது. அந்த வசதி இல்லாத மாடல் என்றால் அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக எண் கொடுக்கும் ஏற்பாடு) அணைத்து, கீழ் மோடத்தோடு மோதாதபடி அதற்கு 192.168.1.250 மாதிரி ஒரு எண் கொடுத்து, கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து லான் (LAN, வீட்டுக் கருவிகளுக்கானது) துளை ஒன்றில் மாட்டுங்கள். கீழ் மோடம் அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுத்துவிடாமல் அதன் டிஹெச்சிபி எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒருவேளை கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால் அதற்கு எந்த ரூட்டரும் முகவரியே கொடுக்கவில்லை, கேபிளையோ டிஹெச்சிபியையோ பாருங்கள்.

40 ஜிபி வீடியோவை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டும் கேபிளில்தான் இருக்கின்றன.
– வாசகர், கோயம்புத்தூர்

நகல் எடுக்கும்போது வேகம் வினாடிக்கு 11 எம்பி பக்கத்திலேயே அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. ரூட்டரின் லான் துளைகள் 100 மெகாபிட் வகையாக இருக்கலாம், விலை குறைந்த மாடல்களில் இது சகஜம். அல்லது கேபிளின் முனையில் 8 கம்பிகளில் 4 மட்டுமே இணைக்கப்பட்டிருக்கலாம், அதைவிடப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட்டுக்கு 8-ம் வேண்டும். ஜிகாபிட் சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) ஒன்றில் இரண்டு கணினியையும் மாட்டிப் பாருங்கள். வட்டுகளும் ஈடுகொடுத்தால் வினாடிக்கு 110 எம்பி வரை வரும், அதே வீடியோ 6, 7 நிமிடத்தில் போய்விடும்.

கோப்புறை திறக்கிறது, படிக்க முடிகிறது. ஆனால் எதையும் சேமிக்கவோ அழிக்கவோ முடியவில்லை. ஷேரிங்கில் முழு அனுமதி கொடுத்திருக்கிறேன்.
– வாசகி, சேலம்

அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது. கோப்புறையின் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் என்ற தாளில் ஒன்று, பக்கத்தில் செக்யூரிட்டி என்ற தாளில் இன்னொன்று. வலை வழியாக வருகிறவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். செக்யூரிட்டி தாளில் அந்தக் கணக்கைச் சேர்த்து ‘மாடிஃபை’ கொடுங்கள். முழு அனுமதி தேவையே இல்லை.

லினக்ஸ் மின்ட் போட்ட கணினியில் கோப்புறையைப் பகிர்ந்தேன். விண்டோஸிலிருந்து தெரிகிறது, ஆனால் என் லினக்ஸ் பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது.
– ஆசிரியர், புதுச்சேரி

லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது சாம்பா. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கி, இன்று வரை உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் அருமையான மென்பொருள். சாம்பா தனக்கென்று ஒரு தனிப் பாஸ்வேர்ட் பட்டியல் வைத்திருக்கிறது. நீங்கள் கணினியில் நுழையும் பாஸ்வேர்ட் அதில் தானாகச் சேராது. டெர்மினலில் சாம்பாவின் பாஸ்வேர்ட் கட்டளையைக் கொண்டு உங்கள் பயனர் பெயரை ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும்.

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வீட்டுக் கணினியில் உள்ள படங்களை அங்கிருந்தே பார்க்க ரூட்டரில் 445-ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்கிறான். செய்யலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

செய்யவே கூடாது. 445 என்பது இந்தப் பகிர்வு ஓடும் போர்ட், அதாவது அதற்கான வாசல். அதை இணையத்துக்குத் திறந்துவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் கணினியின் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கலாம், அதைத் தானாகவே செய்துகொண்டிருக்கும் நிரல்கள் எந்நேரமும் இணையத்தில் அலைகின்றன. பல ஃபைபர் இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் திறந்தாலும் பலன் இருக்காது என்பது வேறு விஷயம். டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் மென்பொருளை (இரண்டு கணினிக்கும் இடையே இணையத்தில் பாதுகாப்பான தனி வழி போடுவது) இரண்டு பக்கமும் நிறுவச் சொல்லுங்கள், ரூட்டரில் எதையும் தொட வேண்டியதில்லை. படங்கள் மட்டும்தான் என்றால் கூகுள் டிரைவில் போட்டு அனுப்புவது இன்னும் எளிது.

காலையில் திறந்த கோப்புறை மதியம் திறப்பதில்லை. கணினியைத் தட்டினால் மறுபடி வருகிறது.
– வாசகர், காரைக்குடி

கணினி தூங்கிவிடுகிறது. கோப்புகளைக் கொடுக்கும் கணினியில் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் என்பதை ‘நெவர்’ என்று வையுங்கள், திரை மட்டும் அணையட்டும். மின்சாரம் போய் வந்த பிறகும் காணாமல் போகிறது என்றால் அதன் எண் மாறியிருக்கும். ரூட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் பகுதியில் அந்தக் கணினிக்கு ஒரே எண்ணை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள், பிரிண்டருக்கும் அப்படியே ஒன்று.